வாசலில் நின்ற வாரேன்

தோணித்திட்டில் மீன் வண்டி வராமல் போய், தெரு முழுக்க வேறு வழியில்லாமல் பருப்பு வேகப் போட்டிருந்த ஒரு காலையில், வெளியூர் போனவர்கள் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போன 'வாரேன்' எல்லாம் அவரவர் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்து நின்றன. ஆட்கள் வரவில்லை. சொல் மட்டும் வந்தது. துபாய்க்குப் போனவனின் வாரேனும், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவனின் வாரேனும், லாஞ்சில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போய்ப் புயலில் மாட்டிக் கரை சேராமலே போனவனின் வாரேனும், சண்டை போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவளின் வாரேனும், என்றைக்குச் சொன்னார்களோ அன்றைக்கு இருந்த அதே தொண்டைக்கட்டோடும் அதே அவசரத்தோடும், சொன்னவர் வாய் இருந்த உயரத்தில், இரண்டு நிலைக்கால்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, காதோடு காதாகப் பேசுகிற சத்தத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன.

ஊர் ஒன்றும் பெரிதாகப் பதறவில்லை. போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளை அடித்துச் சொல்லி வளர்க்கிற ஊர் அது. இத்தனை வருஷம் இத்தனை பேர் சொன்ன சொல் எங்கேதான் போயிருக்கும், எங்கேயாவது நின்றுதானே ஆக வேண்டும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அதுவும் சரிதான் என்று மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

இருட்டுவதற்குள் அந்தச் சொல்லின் குணமும் பிடிபட்டுவிட்டது. யாரிடம் சொல்லிவிட்டுப் போனார்களோ அவர்கள் காதில் மட்டும்தான் அது விழும். பக்கத்து வீட்டுக்காரி வந்து வாசலில் காதை வைத்தாலும் அவளுக்குக் காக்கைச் சத்தம்தான் கேட்கும். போனவர் திரும்பி வந்து படியில் கால் வைத்த உடனே அது நின்றுவிடும். ஆகையால் சொன்னவருக்குத் தன் சொல் ஒருநாளும் கேட்காது. அக்கா வீட்டிலிருந்து அன்று மாலையே திரும்பி வந்தவள், "நான் அப்படியா அழுதுக்கிட்டே சொன்னேன்?" என்று மாமியாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மாவு மில் வைத்திருந்த உலகம்மாளின் வாசலில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

அவள் வீட்டின் முன்கட்டுதான் மில். 'கொம்பையா மாவு மில்' என்று அவள் புருஷன் பெயரில் போர்டு இருந்ததே தவிர, கொம்பையா போய் ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. அவன் போன அன்று மிளகாய் அரைக்கிற நாள். மெஷின் ஓடுகிறபோது அந்த வீட்டில் கூரையே இடிந்து விழுந்தாலும் கேட்காது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவள் மிளகாயைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, தேய்த்த சட்டையும் கையில் ஒரு பையுமாகக் கொம்பையா வாசல்படியில் நின்று அவளைப் பார்த்தான். அவன் வாய் அசைந்தது. வழக்கம்போல டவுனுக்குப் போகிறான் என்று நினைத்து அவளும் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அதன் பிறகு சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், சூரத்தில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார், அப்புறம் சொல்வதற்கும் யாரும் இல்லாமல் போனார்கள். பிள்ளைகுட்டி கிடையாது. கேட்பவர்களிடம் எல்லாம், "வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாக" என்று உலகம்மாள் சொல்லி வந்தாள். அவன் வாய் அசைந்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அசைந்தது சொல்லுக்கா, வாயில் கிடந்த வெற்றிலைக்கா என்பதுதான் தெரியாது. எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாமல் தலையாட்டிவிட்டோமே என்ற நினைப்பு, படுக்கப் போகும்போதெல்லாம் அவளோடு கூடப் படுத்துக்கொள்ளும்.

ஆகவே அந்தக் காலையில், தெருவில் ஒவ்வொருத்தியாகத் தன் வாசலில் நின்று வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுவதும் சிரிப்பதுமாக இருந்தபோது, உலகம்மாளும் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு, கை கழுவக்கூடத் தோன்றாமல் வாசலில் போய் நின்றாள். காகம் கத்தியது. பஸ் போனது. யார் வீட்டிலோ குக்கர் கூவியது. இந்தச் சத்தத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவே இருந்த இடத்தில், இரண்டு நிலைக்கால்களுக்கு நடுவில், கொம்பையாவின் வாய் உயரத்தில், ஒன்றுமே இல்லை. வெறும் வெயில் இருந்தது.

பக்கத்து வீட்டு மாரிக்கனி அப்போதுதான் ஓடி வந்தாள். லாஞ்சில் போய் வராமலே போனது அவள் புருஷன்தான். தாலியைக் கழற்றி வருஷம் ஆகியிருந்தவள், முகமெல்லாம் ஈரமாக, "வாரேன் புள்ள, கொழம்ப மூடி வையி, பூன வருதுன்னு அப்படியே அவுக சத்தம், மதினி" என்றாள். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணன் என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

தெருவே திரும்பிப் பார்த்தது. உலகம்மாளின் வலது கை பூராவும் மிளகாய்ப் பொடி. அதனால் இடது கையை நிலைக்காலில் வைத்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். கண்ணைப் பாதி மூடி, வாசலில் இருந்த வெறும் வெயிலைப் பார்த்து, "ம்… பாத்து வாங்க" என்றாள்.

பொய்தான். ஆனால் அவள் அதைச் செய்த அழகைப் பார்த்த மாரிக்கனிக்கு, தான் இத்தனை நேரம் புருஷனுடைய சொல்லைக் கேட்டுக்கொண்டு வெறுமனே நின்றோமே, பதில் சொல்லவில்லையே என்று உறைத்துவிட்டது. ஓடிப்போய்த் தன் வாசலில் இடது கையை வைத்து, தலையைச் சாய்த்து, "ம், பாத்து வாங்க" என்றாள். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துச் செய்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். விளக்கு வைப்பதற்குள் அந்தத் தெருவில் எல்லோரும், அந்த வாரத்துக்குள் ஊரில் எல்லோரும், காலையும் மாலையும் வாசலில் இடது கை வைத்து பாத்து வாங்க என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்த முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு உலகம்மாள் அழுத அழுகை யாருக்கும் கேட்காமல் இருந்ததற்கு மெஷின்தான் காரணம். அரைக்க ஒன்றும் இல்லாமலே அதை ஓடவிட்டிருந்தாள்.

பிறகு அந்த ஊர் மாறியது. யாரும் கூடி உட்கார்ந்து தீர்மானம் போட்டு மாற்றவில்லை. ஒருத்தி செய்தாள் என்று ஒருத்தி செய்ய, ஏன் செய்கிறோம் என்று கேட்பதற்குள் அது பழகிப்போக, பழகியதை விட்டால் ஏதோ குறை என்று தோன்ற, அப்படித்தான் மாறியது. வாரேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவன் எப்படிச் செத்தவன் ஆவான் என்று மாரிக்கனி திரும்பவும் பொட்டு வைத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள். அவள் கொழுந்தன் குதித்தான், அவள் வாசலைக் காட்டினாள், அவன் அடங்கிவிட்டான். அதற்குப் பிறகு தோணித்திட்டில் எந்தப் பெண்ணும் பொட்டு அழிக்கவில்லை. பஸ்ஸில் வரும் வெளியூர்க்காரர்கள், இந்த ஊரில் ஆம்பிளை யாருமே சாகிறதில்லையா என்று கேட்டார்கள். சாகக் கிடப்பவர்களைக் கட்டிலோடு தூக்கி வாசலில் வைக்கும் வழக்கம் வந்தது. கடைசி மூச்சை விட்டாலும் விடலாம், வாரேன் சொல்லாமல் விடக் கூடாது. பாதி உயிரில் கிடப்பவரின் காதில் பிள்ளைகள் குனிந்து, "சொல்லுங்கப்பா, சொல்லிட்டுப் போங்க" என்று கெஞ்சுவார்கள். கொல்லை வழியாக நழுவிப் போகிறவர்கள் சொல்லாமல் போய்விடுகிறார்கள் என்று கொல்லைச் சுவரையெல்லாம் உயர்த்திக் கட்டினார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் அவன் தாய் வாசலில் எப்படி நிற்கிறாள் என்று பார்த்தார்கள். வீட்டை இடித்துக் கட்டினாலும் பழைய நிலையை யாரும் மாற்றவில்லை, மாற்றினால் அதில் நிற்கும் சொல் எங்கே போகும்? தெருவில் ரோடு போடப் போட ரோடு உயர்ந்தது, ரோட்டுக்குச் சமமாகத் தரையை உயர்த்தினார்கள், மாடி வீடு வந்தது, டைல்ஸ் வந்தது, வாசல் மட்டும் அதே பழைய நிலையில் குட்டையாகி நின்றது. அந்த ஊரில் எல்லோரும் தங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் போனார்கள். குனிந்து குனிந்து நடையே அப்படி ஆகிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும் ஒருவர் கதவைக் கண்டதும் கழுத்தை மடக்கினால் அவர் எந்த ஊர் என்று நர்ஸுகளுக்குத் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் உலகம்மாள் காலையும் மாலையும் வாசலில் வந்து நின்றாள். அவளுடைய வாசல் ஊரில் நல்ல பெயர் எடுத்த வாசல். கல்யாணம் முடிந்த பெண்களை அழைத்து வந்து, எப்படி நிற்கிறாள் பார், கழுத்து எப்படிச் சாய்கிறது பார் என்று காட்டுவார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிற பெண்களின் கழுத்தையெல்லாம் அவளும் கவனித்து வைத்திருந்தாள். நிஜமாகக் கேட்கிறவளின் கழுத்து, சொல் முடிகிற இடத்தில் ஒரு பொட்டு தளரும். அந்தத் தளர்ச்சியை அவள் கண்ணாடியில் பார்த்துப் பழகினாள். சாய்வு வந்தது, தளர்ச்சி மட்டும் கடைசி வரை வரவில்லை. தன் புருஷன் இப்படித்தான் தன்னிடம் சொல்லியிருப்பான் என்று நினைத்து நினைத்துப் பார்த்து, சில சாயங்காலங்களில் கிட்டத்தட்டக் கேட்டுவிட்டது போலவே இருக்கும். மெஷின்தான் அந்தச் சொல்லைத் தின்றிருக்க வேண்டும், அவர் சொல்லியிருப்பார், நான்தான் கேட்காமல் விட்டேன், அதனால்தான் என் வாசலுக்கு வர அதற்கு வழி தெரியவில்லை என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். சொல்லாமல் போனான் என்பதை விட, சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைகிறவரிடம் ஒரு கேள்வி கேட்பதும் வழக்கமானது. "சொல்லிட்டுப் போனியா?" என்று உள்ளே இருப்பவர் கேட்க வேண்டும். "சொல்லிட்டுத்தான் போனேன்" என்று வருகிறவர் பதில் சொல்ல வேண்டும். முதலில் அது உண்மையான கேள்வியாக இருந்தது. சில வருஷங்களில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையிடமும், காய் வாங்கி வருகிற மருமகளிடமும், தெருவில் எதிரே வருகிறவர்களிடமும் சௌக்கியமா என்பதற்குப் பதிலாக அதைக் கேட்டார்கள். உலகம்மாளிடமும் ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். சொல்லிட்டுத்தான் போனேன் என்று அவளும் சொல்லியிருப்பாள். பூட்டிய வீட்டில் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்புறம் கையில் ஒரு தகராறு வந்தது. சாமி கும்பிடுவது, சோறு தின்பது எல்லாம் வலது கையால் இருக்க, போனவர்களுக்குப் பதில் சொல்வது மட்டும் இடது கையாலா என்று கீழத்தெரு கோயில் கமிட்டி கேட்டது. மேலத்தெரு, ஆதியிலிருந்து இடது கைதான், அதற்கு அர்த்தம் இருக்கிறது, இருதயம் இருக்கிற பக்கம் அது என்றது. இரண்டு தெருவும் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது, கோயில் கொடை விழாவே நின்றுபோனது, போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. கடைசியில் வலது கை ஜெயித்தது. மிளகாய்ப் பொடியைப் பற்றி உலகம்மாள் வாய் திறக்கவில்லை.

எந்தக் காலத்தில் அந்தச் சொற்கள் நின்றுபோயின என்று யாராலும் சொல்ல முடியாது. பதில் சொல்வது அவ்வளவு சத்தமாகவும் அவ்வளவு பழக்கமாகவும் ஆகிவிட்டிருந்ததால், எதற்குப் பதில் சொல்கிறோமோ அது எப்போதோ நின்றுவிட்டது என்பது அவரவருக்கே பிந்தித்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஒவ்வொருத்தியும் தன் வாசல் மட்டும்தான் ஊமையாகிவிட்டது என்று நினைத்தாள். தன்னிடம் ஏதோ குறை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம், வெளியே தெரிந்தால் தெரு என்ன பேசும் என்று பயந்தாள். பயந்து, முன்பைவிடச் சத்தமாகப் பதில் சொன்னாள். இதையெல்லாம் பார்த்தவள் உலகம்மாள் ஒருத்திதான். ஒரு சாயங்காலம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவள், வரிசையாகச் சாய்ந்திருந்த கழுத்துகளில் ஒன்றுகூடத் தளரவில்லை என்பதைக் கண்டாள். எல்லாம் அவள் கழுத்து. அவள் கண்ணாடியில் பார்த்துப் பழகிய கழுத்து.

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதை ஒளிப்பானேன்? இத்தனை வருஷம் ஊரில் ஒருத்தியாக இல்லாமல் இருந்தவளுக்கு, ஊரே தன்னைப் போல் ஆகிவிட்டது என்றால் சந்தோஷம் வராதா? இனி ஒருத்தியிடமாவது வாய்விட்டுப் பேசலாம் என்று நினைத்தாள். மறுநாள் மாரிக்கனி கோதுமை அரைக்க வந்தபோது, மெஷினை நடுவில் நிறுத்தினாள்.

"மாரி, ஒன் வாசல்ல இப்பம் கேக்குதா?"

மாரிக்கனி டின்னுக்குள் விழுந்திருந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மதினி இப்படிக் கேக்கீய. கேக்காம எங்க போவும்."

"கேக்கலன்னா சொல்லு. எனக்குக் கேக்கல. எனக்கு எப்பமுமே கேட்டதில்ல, மாரி. மொத நாளே கேக்கல."

மாரிக்கனியின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு இறுகியது. அவளுக்கு வெளிச்சம் பட்டது போல எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்: தான் எதைப் பார்த்துக் கையை வைத்தோம், எதைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டோம், எதன் மேல் இந்த ஊரே குனிந்து போய்வருகிறது என்று. "எனக்குக் கேக்குது" என்றாள். பாதி அரைத்த கோதுமையோடு டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் பஸ் ஏறிப் பக்கத்து ஊரில் போய் அரைத்து வந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவள் வாசலும் போய்விடும் அல்லவா. உலகம்மாளுக்கு ஊரில் இருந்த ஒரே பேச்சுத்துணை அன்றோடு போயிற்று.

வருஷங்கள் போயின. மாரிக்கனி தன் காலம் முடிந்து வாசலில் கட்டிலில் கிடந்து, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டே போனாள். அவள் மருமகள் பொன்செல்வி அந்த வீட்டுக்கு எஜமானி ஆனாள். நல்ல பெண், யாரையும் வாய்நிறைய அத்தே என்று கூப்பிடும். ஒருநாள் காலையில் உலகம்மாள் பழைய பழக்கத்தில் இடது கையை வைத்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, கோலப்பொடி டப்பாவோடு வந்தவள் நின்று பார்த்தாள்.

"அத்தே, தப்பா நெனைக்காதீய. வலது கைய வைக்கணும். எடது கையா வைப்பாக?"

வயசாகிவிட்டது, பாவம், முறையெல்லாம் மறந்துபோகிறது என்கிற மாதிரி, மெதுவாக அவள் உலகம்மாளின் இடது கையை எடுத்துவிட்டு வலது கையைப் பிடித்து நிலையில் வைத்துவிட்டுப் போனாள். உலகம்மாள் அந்தக் கையை எடுக்கவில்லை. அப்படியே நின்று, "ம், பாத்து வாங்க" என்றாள். இதைவிடத் தனியாக ஒருத்தி இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது அந்தக் காலையில்தான்.

கொம்பையா வந்தது ஒரு மத்தியானம். மெஷினின் பெல்ட் அன்று காலையில்தான் அறுந்திருந்தது, அதனால் மில் சத்தமில்லாமல் இருந்தது. வாசலில் தலை இடிக்கிற சத்தம் கேட்டு உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஊரில் குழந்தைகூட வாசலில் தலையை இடித்துக்கொள்ளாது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, தலைமுடி ஒன்றுகூடக் கறுப்பில்லாமல், கையில் ஒரு பையோடு ஒரு கிழவன் நின்றிருந்தான். தான் போனபோது நிமிர்ந்து போன வாசல் எப்படிக் குட்டையாயிற்று என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடையாளம் தெரிய அவளுக்கு நேரம் ஆகவில்லை. அழ வேண்டும், திட்ட வேண்டும், கையில் இருப்பதை எறிய வேண்டும் என்று எத்தனையோ முறை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். ஆனால் வாய்க்கு வந்தது ஊரார் வாய்க்கு வருவதுதான்.

"சொல்லிட்டுப் போனீயளா?"

ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் தடவை கேட்கிற கேள்வி. கேட்டு முடித்த பிறகுதான், அதைக் கேட்கிற நிஜமான காரணம் இந்த ஊரில் தன் ஒருத்திக்குத்தான் உண்டு என்பது அவளுக்குப் புரிந்தது. அறுந்த பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கோ ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது. சொல்லிட்டுத்தான் போனேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வர வேண்டும் என்று தெரியாது. கேட்ட கேள்விக்கு நினைத்துப் பார்த்துப் பதில் சொன்னான்.

"இல்ல, உலகு. சொல்லல."

"வாய் அசைஞ்சுதே."

"வெத்தல போட்டிருந்தேன்."

"வருவேன்னு நெனச்சுப் போவல" என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சேர்த்துச் சொன்னான்.

உலகம்மாளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு லேசு. என் காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது, நான் எதையும் கேட்காமல் விடவில்லை, மெஷினும் பாவம், அது எதையும் தின்னவில்லை என்று நினைத்தாள். அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. நடுவில் போன இத்தனை வருஷமும் ஒரு வெற்றிலைக்கு எதிரே கையை வைத்துத் தலையைச் சாய்த்து நின்றவை என்பது. அவள் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சோறும் ரசமும் இருந்தது, போட்டாள். எங்கெங்கே இருந்தேன் என்று அவன் ஆரம்பித்தபோது, இருக்கட்டும் என்றாள். சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக் கொடுத்தாள். மன்னித்தாளா என்றால், அதெல்லாம் அவளுக்கே தெரியாது. ஒரு ஆள் மூச்சுவிடுகிற சத்தம் வீட்டில் கேட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பெல்ட் வாங்க டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. பையை எடுத்தாள், செருப்பைப் போட்டாள், குனிந்து வாசலைத் தாண்டும்போது, உள்ளே ஒரு ஆள் இருக்கிற நினைப்பில் நாக்கு தானாகவே சொன்னது.

"டவுனுக்குப் போயிட்டு வாரேன். அடுப்புல பால் இருக்கு, பொங்கிராம பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டு ரோட்டில் நாலு எட்டு வைத்த பிறகுதான் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பாத்து வாங்க என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். கொம்பையா போன பிறகு வாரேன் என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்ததில்லை. அந்தச் சொல் நாக்கில் வராமல் போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள். ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு அந்த வாரேன் வாசலில் நின்றது. தோணித்திட்டில் சொற்கள் எல்லாம் போய், போனதை யாரும் யாரிடமும் சொல்லாமல், வெறும் கைகளும் கழுத்துகளும் மட்டும் மிச்சமாகி எவ்வளவோ காலம் கழித்து, உலகம்மாளின் வாய் உயரத்தில், ஊமையாகவே இருந்து பழகிய அந்த வாசலில், டவுனுக்குப் போயிட்டு வாரேன், அடுப்புல பால் இருக்கு என்று அது சொல்லத் தொடங்கியது. கேட்பதற்குக் கொம்பையா ஒருவன்தான் இருந்தான். முதலில் அவள்தான் திரும்பி வந்துவிட்டாள் என்று எழுந்து பார்த்தான். பிறகு தெருவில் நிற்கிறாளோ என்று எட்டிப் பார்த்தான். பிறகு மனசு உறுத்துவதுதான் காதில் இப்படிக் கேட்கிறது, இதுவும் எனக்கு வேண்டியதுதான் என்று வந்து உட்கார்ந்தான். பால் பொங்கியது, ஓடிப்போய் இறக்கினான். அது நிற்கவில்லை. வெயில் ஏறி இறங்கும் வரை, கொஞ்சம் அவசரமும் கொஞ்சம் கூச்சமுமாக, அது சொல்லிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் டம்ளரில் காப்பியோடு வாசலுக்கு வந்தவன், வலது கையில் டம்ளர் இருந்ததால் இடது கையை நிலைக்காலில் ஊன்றிக்கொண்டு, நன்றாகக் கேட்பதற்காகத் தலையைச் சாய்த்து நின்றான்.

புது பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் திரும்பிய உலகம்மாள் அவனைத் தூரத்திலேயே பார்த்தாள். அதற்குள் யாரோ இவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், இந்த ஊர் யாரைத்தான் விட்டது என்று முதலில் அலுத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் நடந்தாள். அவன் கழுத்தைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள். ஏதோ ஒன்று முடிகிற இடத்தில் அந்தக் கிழட்டுக் கழுத்து ஒரு பொட்டு தளர்ந்தது. மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் தளர்ந்தது.

யாருடைய சொல் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அந்த வாசலில் சொல்லிவிட்டுப் போனவள் அவள் ஒருத்திதான்.

பக்கத்து வாசலில் விளக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்த பொன்செல்வி, "வந்துட்டீயளா அத்தே, சொல்லிட்டுப் போனீயளா?" என்று எல்லோரிடமும் கேட்பது போலக் கேட்டாள்.

"சொல்லிட்டுத்தான் போனேன்" என்றாள் உலகம்மாள்.

முந்தின நாளே சேதி கேட்டிருந்த பொன்செல்வி அதற்குள் கொம்பையாவைப் பார்த்துவிட்டாள். "மாமாவுக்கு யாரும் சொல்லலையோ, எடது கைய வச்சிருக்காகளே" என்று அந்தப் பக்கம் போகத் திரும்பினாள். உலகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு, தாயி. அந்தக் கைதான்."

அவள் என்ன சொல்கிறாள் என்று பொன்செல்விக்குப் புரியவில்லை. வயசானவர்கள், ஏதாவது சொல்வார்கள் என்று உள்ளே போய்விட்டாள். தெருவில் வாசலுக்கு வாசல் வலது கைகள் வந்து நிலையில் அமர்ந்தன. பாத்து வாங்க, பாத்து வாங்க என்று குரல்கள் எழுந்து அடங்கின. கொம்பையா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டுக்கொண்டிருந்தான். தான் எப்படிச் சொன்னோம், என்ன குரலில் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது, ஒருநாளும் தெரியப்போவதில்லை. படியில் கால் வைத்தால் அது நின்றுவிடும். பெல்ட் தோளில் கனத்தது, அதை மாற்றிப் போட்டுக்கொண்டு உலகம்மாள் தெருவிலேயே நின்றாள்.